எட்டாவது சம்பவம்

வாங்க சார், இந்த நாற்காலியில உக்காருங்க. அது வேண்டாம், ஆடும். ஏசி கொஞ்சம் சத்தம் போடும், கண்டுக்காதீங்க. பிளாண்ட் ஹெட் ரூமுன்னு பேருதான் பெருசு, வெளிய உலை ஓடுற சத்தத்துல உள்ள பேசுறது நமக்கே கேக்காது. டீ சொல்லட்டுங்களா? டீதான் இங்க நல்லாருக்கும். காப்பி வாயில வெக்க முடியாது.

சொல்லுங்க. யாரப் பத்தி விசாரிக்க வந்திருக்கீங்க?

திருமூர்த்தியா?

உடுமலைக்காரன். பழைய கம்பெனியில உலைப் பிரிவு மேனேஜர். ஆமாங்க, தெரியும். தெரியுமான்னு என்னையக் கேட்டா என்ன சொல்றது. இருபத்தி நாலு வருசம் ஒரே வாசல்ல உள்ள போயி ஒரே வாசல்ல வெளிய வந்தவங்க நாங்க.

ராணிப்பேட்டைப் பக்கம் வேலைங்களா? பெரிய கம்பெனியா? நல்லாருக்கட்டும். அவனுக்குத் தகுந்த வேலைதான்.

இருங்க, இருங்க. என்ற பேர அவனா எழுதிக் குடுத்தான்? அவன் கைப்படவா? காட்டுங்க. “நேரில் இருந்தவர், அர்த்தநாரி.” அவன் எழுத்துதான் சார். எல்லாம் இடதுபக்கம் சாஞ்சே நிக்கும், காத்தடிச்ச சோளக்காடாட்ட.

என்ற பேர எழுதியிருக்கான் பாருங்க. ரெண்டு வருசமா ஒரு போன் இல்ல.

கேளுங்க சார், ஆறு கேள்விதானே. மொத அஞ்சுக்கும் யோசிக்கவே வேண்டாம், எழுதிக்கங்க. வேலை சுத்தமா? தங்கம். நேரத்துக்கு வருவானா? நமக்கு முன்னால வந்து நிப்பான். கூட வேலை செய்யறவங்களோட ஒத்துப்போவானா? அவனோட ஒத்துப்போகலைன்னா அந்த ஆளுகிட்டத்தான் கோளாறு. கெட்ட பழக்கம்? சுக்குக் காப்பி. உடம்பு? நல்லாருந்தான், இப்ப நான் பாக்கல. ஆறாவத அப்பறமாப் பாக்கலாம். அதுக்கு முன்னால ஒரு பத்து நிமிசம் பேசிக்கட்டுங்களா? நீங்க வெளியூரு, எங்க ஆளுங்க யாரையும் உங்களுக்குத் தெரியாது. அதனாலதான் கேக்கறனுங்க. ஊருக்குள்ள யாருகிட்டயும் நான் இதப் பேசினதில்ல. வீட்லயும் பேசினதில்ல.

பழைய கம்பெனிய வேற குரூப்புக்கு வித்துட்டாங்க. அம்பது தாண்டின மேனேஜருங்க அத்தன பேரையும் ஒரு வெள்ளிக்கிழமை கூப்பிட்டு, ஆளுக்கொரு பூங்கொத்தும் ஒரு கடுதாசியும் குடுத்தாங்க. வெளிய வந்து மூர்த்தி அந்தப் பூங்கொத்த வாட்ச்மேன்கிட்டக் குடுத்துட்டுச் சிரிச்சான். நான் என்னோடத வீட்டுக்கு எடுத்துட்டு வந்துட்டேன். கோகிலா, என்ற சம்சாரம், பாத்தவுடனே, “என்னங்க, அவார்டுங்களா?”ன்னு கேட்டா.

பெரிய வேலைக்கு இண்டர்வியூன்னா எங்களுக்கு ஒண்ணுமே தெரியாதுங்க. எங்க காலத்துல என்ன, முதலாளி முன்னால போயி நின்னோம். எந்த ஊரு, யாரு மகன், நாளைக்கு வா. முடிஞ்சுது. இப்ப ஆறு பேரு வட்டமா உக்காந்து மணிக்கணக்குல குடைவாங்கன்னு சொன்னாங்க. அதுக்குச் சொல்லிக் குடுக்கறதுக்குன்னே பத்மநாபன்னு ஒருத்தர் இருந்தாரு, ரிட்டயர்டு எச்.ஆர். ரெண்டு பேரும் போனோம்.

மொத நாளே சொல்லிட்டாரு. “உங்களுக்கு இரும்பு உருக்கத் தெரியுமான்னு ஒருத்தனும் கேக்க மாட்டான். இந்த வயசுல அது தெரிஞ்சிருக்கும்னு எடுத்துக்குவான். நீங்க எப்பேர்ப்பட்ட ஆளுன்னுதான் பாப்பான். அதுக்கு ஆளுக்கு எட்டுச் சம்பவம் வேணும். ஒரு தோல்வி, ஒரு சண்டை தீத்தது, ஒரு கஷ்டமான முடிவு, இப்பிடி எட்டு. எழுதிட்டு வாங்க.”

மூர்த்தி ஒரே ராத்திரில பன்னெண்டு எழுதிட்டு வந்தான். எனக்கு ஏழுக்கு மேல நகரலீங்க. அந்த ஏழுலயும் மூணு, ஐ.எஸ்.ஓ. சான்றிதழ் வாங்கினது. அதப் பாத்துட்டு பத்மநாபன், “சார், கஷ்டமான முடிவு எங்க?”ன்னு கேட்டாரு. எனக்கு அப்பிடி ஒண்ணு வரவே இல்லைங்க. தப்பா நினைக்காதீங்க, எடுக்கத் தெரியாம இல்ல. நான் எல்லாத்தையும் மேல கேட்டு, எழுத்துல வாங்கி வெச்சுக்கிட்டுச் செய்யற ஆளு. அப்பிடி இருக்கறவனுக்குக் கஷ்டமான முடிவு எங்கிருந்து வரும்?

மூர்த்திதான் சொன்னான். “விடுடா அர்த்து, எட்டாவது நம்ம ரெண்டு பேரும் சேந்து தேடிக்கலாம்.” என்னைய அர்த்துன்னு கூப்பிடறவன் அவன் ஒருத்தன்தானுங்க.

தெனமும் காலையில பழக்கம் பண்ணுவோம். எங்க தெரியுங்களா? வீட்டுல பண்ண வெக்கம். அம்பது வயசுக்கு மேல கண்ணாடி முன்னால நின்னு, “வணக்கம், என்னைப் பற்றிச் சொல்லவேண்டுமானால்”னு ஆரம்பிச்சா பொண்டாட்டி சிரிக்க மாட்டாளா? அதனால மூர்த்தியோட பழைய மாருதி. சிங்காநல்லூர் குளத்தோரமா நிறுத்தி, கண்ணாடிய ஏத்திக்குவோம். பதில் சொல்றவன் முன்சீட்டுல, கேக்கறவன் பின்சீட்டுல. பின்னால உக்காந்தா மூர்த்தி கண்ணாடிய மூக்கு நுனிக்கு இறக்கிக்குவான், ஆறு பேருக்கு அவன் ஒருத்தன். “மிஸ்டர் அர்த்தநாரி, உங்களை ஏன் நாங்கள் எடுக்கவேண்டும்?” நான் திரும்பிப் பாக்காம ரோட்டப் பாத்துச் சொல்லுவேன். ஒரு நாளு வாக்கிங் போற ஒரு டாக்டர் வந்து கண்ணாடியத் தட்டிட்டாரு. “ஏங்க, ஏதாச்சும் பிரச்சினைங்களா? தெனமும் ரெண்டு பேரும் உள்ள உக்காந்து சண்டை கட்டறீங்களே.” நாங்க சிரிச்ச சிரிப்புல காரே குலுங்குச்சு. அவன் சம்சாரம் பூங்கொடி ஃபிளாஸ்குல சுக்குக் காப்பி குடுத்துவிடும். ஆளுக்கொரு தம்ளர்.

உண்மையைச் சொல்றதுன்னா, வேலையில்லாத அந்த மூணு மாசம் மாதிரி நான் சந்தோசமா என்ற வாழ்க்கையில இருந்ததில்ல.

பத்மநாபன்கிட்ட ஒரு முறை இருந்துச்சு. தப்பெல்லாம் அங்கதான் ஆரம்பம். சம்பவத்த மாத்திக்கச் சொல்லுவாரு. அவன் சம்பவத்த நான் என்னோடதாட்டச் சொல்லணும், என்னோடத அவன் சொல்லணும். நம்ம கதைய அடுத்தவன் வாயில கேட்டாத்தான் எங்க சவசவன்னு இருக்குன்னு தெரியும்பாரு. நியாயந்தான். ஆனா ஐ.எஸ்.ஓ. சான்றிதழ எத்தன நாளைக்குத்தான் சொல்றது? அவனோட உலைச் சம்பவம்தான் கேக்கக் கேக்கச் சலிக்காது. மூணு மாசத்துல நான் அத ஒரு நூறு தடவ சொல்லியிருப்பனுங்க.

உங்க தாளுலயும் அதுதான் இருக்குது போல. ஆறாவது கேள்வி. நான் படிச்சுட்டேன்.

என்னன்னா, ஒரு ஆடிப்பெருக்கு நாளு. ஆளு குறைச்சல். உலைக்குள்ள மூணு டன் இரும்பு உருகிக் கெடக்குது. உலையச் சுத்தி செம்புக் குழாயில தண்ணி ஓடிக்கிட்டே இருக்கும், சூடு தணிக்க. நடுவுல இருக்கற உள்சுவரு தேஞ்சு போயி, அந்த இரும்பு இந்தத் தண்ணியத் தொட்டுருச்சுன்னு வெய்யுங்க, வெடிதான். கூரை கூட மிஞ்சாது. அன்னிக்கு எச்சரிக்கை விளக்கு விட்டு விட்டு எரியுது. அது சும்மாவும் அடிக்கடி எரியறதுதான், அதான் கொடுமை. மதியம் கப்பலுக்குப் போகணும் ஆர்டர். ஒரு சக மேனேஜர் சொல்றாரு, “பத்து நிமிசம் பொறு, இந்த ஒரு உலைய ஊத்திட்டுப் பாக்கலாம்.” மூர்த்தி பொறுக்கல. பதினோரு பேரையும் வெளிய வெரட்டிட்டு, தான் மட்டும் நின்னு உலையச் சாய்ச்சு, மூணு டன்னையும் அவசரக் குழியில கொட்டிட்டான். கப்பலு போச்சு. முதலாளி ஒரு மாசம் அவன் மூஞ்சியப் பாக்கல. உலை ஆறினப்பறம் உள்ள இறங்கிப் பாத்தா, சுவரு ஒரு விரல் கனம் கூட இல்ல. பதினோரு குடும்பம் சார்.

அவன் சொல்றப்ப சப்புனு சொல்லுவான், கரண்டு பில்லு கட்டினதாட்ட. நான்தான் நிறுத்தி, மூச்சு விட்டு, அந்த விளக்கு எரியறத எல்லாம் கண்ணுல காட்டிச் சொல்லுவேன். பின்சீட்டுல இருந்து, “அடேய், என்னையவிட நீ சொல்றதுதாண்டா நிஜமாட்ட இருக்குது”ம்பான். பாராட்டுவான் சார். மனசாரப் பாராட்டுவான்.

இந்தக் கம்பெனியில இருந்து ரெண்டு பேருக்கும் ஒரே நாளு கடுதாசி வந்துச்சு. இருக்கறது ஒரே வேலை. குளத்தோரத்துலயே கை குடுத்துக்கிட்டோம். யாருக்குக் கெடைச்சாலும் அடுத்தவனத் துணைக்கு உள்ள இழுத்துக்கறதுன்னு. சொன்னது அவன்தான். நானும் சரின்னேன்.

அகர வரிசைப்படி கூப்பிட்டாங்க. எனக்குக் காலையில பத்து மணி, அவனுக்கு மத்தியானம் ரெண்டு. ஒரே காருல வந்தோம், அவன் காருல. பூங்கொடி ரெண்டு பேருக்கும் தக்காளி சாதம் கட்டிக் குடுத்திருந்துச்சு.

உள்ள போனேன். எல்லாம் நல்லாத்தான் போச்சு. நடுவுல உக்காந்திருந்த அம்மா, “உங்க சர்வீஸ்ல எடுத்த ரொம்பக் கஷ்டமான முடிவு ஒண்ணு சொல்லுங்க”ன்னாங்க. என்ற வாயி தொறந்துச்சு சார். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். ஆடிப்பெருக்கு நாளுன்னு ஆரம்பிச்சுருச்சு. மூணு மாசமா தெனமும் சொன்ன நாக்குங்க அது, அதுபாட்டுக்குப் போகுது. அந்த விளக்குக்கிட்ட வர்றப்ப நிறுத்தினேன், மூச்சு விட்டேன். ஆறு பேரும் பேனாவக் கீழ வெச்சுட்டாங்க. நிறுத்தியிருக்கலாமேன்னு கேப்பீங்க. எப்பிடி நிறுத்தறது? பாதியில நிறுத்தினா பொய்யின்னு நினைக்க மாட்டாங்களா?

வெளிய வந்தா, வராந்தாவுல நீலச் சட்டை போட்டு உக்காந்திருக்கான். மூஞ்சியெல்லாம் சிரிப்பு. “எப்பிடிடா போச்சு? என்ன கேட்டாங்க?”

“வழக்கமானதுதாண்டா”ன்னேன்.

ரெண்டு மணி வரைக்கும் நேரம் இருந்துச்சு. காருல உக்காந்து ரெண்டு பேரும் தக்காளி சாதம் சாப்பிட்டோம். என்ற டப்பாவுல உருளைக்கிழங்கு தீந்து போச்சுன்னு அவனோடத எடுத்துப் போட்டான். சொல்லியிருக்கலாம். உலைச் சம்பவத்த மட்டும் சொல்லாத, மத்த பதினொண்ணுல ஏதாச்சும் சொல்லுன்னு ஒரு வார்த்தை. நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சுங்க. ஆனா பாருங்க, உள்ள கேட்ட கேள்விய வெளிய பேசக்கூடாதுன்னு அவங்க அனுப்பின கடுதாசியிலயே போட்டிருந்துச்சு. நான் ஒரு கம்பெனி விதிய மீறினதில்ல சார் இதுவரைக்கும். வேலைக்குச் சேரப் போற எடத்துல மொத நாளே மீறறதா?

ரெண்டு மணிக்குப் போனான். என்னைய ரெண்டு மணி நேரம் வெச்சுப் பேசினவங்க, அவன இருபது நிமிசத்துல அனுப்பிட்டாங்க.

வந்தான். என்னையப் பாத்தான். வண்டிய எடுத்தான். முக்கால் மணி நேரம். ஒரு வார்த்தை பேசல சார். திட்டியிருக்கலாம். திட்டியிருந்தா நான் பதில் சொல்லியிருப்பேன், மனசுக்குள்ள எல்லாம் வரிசையா வெச்சிருந்தேன். என்ற வீட்டு வாசல்ல நிறுத்தினான். இறங்கினேன். கதவச் சாத்தப் போறப்ப, “உன்ற தண்ணி பாட்டில் பின்சீட்டுல கெடக்குது, எடுத்துக்க”ன்னான்.

அவ்வளவுதான். அதுக்கப்பறம் அவன் கொரல நான் கேக்கல.

டீ ஆறுது, குடிங்க.

சேந்த ரெண்டாவது நாளு அந்த அம்மாவே சொன்னாங்க. “உங்க கதைய உங்களுக்கு அப்பறம் வந்த ஒருத்தர் அப்பிடியே சொன்னாருங்க, அர்த்தநாரி. இது உங்க சம்பவம்தானான்னு கேட்டேன். வேற யாரோடதுங்கன்னு சிரிக்கறாரு. என்ன தைரியம் பாருங்க. அதுவும் யாரு? உங்களப் பத்து நிமிசம் பொறுக்கச் சொன்னாரே, அந்தத் திருமூர்த்தி!”

சிரிச்சாங்க. நானும் சிரிச்சனுங்க. சேந்து ரெண்டாவது நாளு, வேற என்ன பண்றது?

ஆமாங்க. அந்தச் சக மேனேஜர் யாருன்னு இண்டர்வியூல குறுக்குக் கேள்வி கேட்டாங்க. நான் அதுக்குப் பழக்கம் பண்ணிக்கவே இல்ல. அவன் காருக்குள்ள நூறு தடவ சொல்றப்பவும் “ஒரு சக மேனேஜர்”னுதான் சொல்லுவான், பேரு சொல்ல மாட்டான். ஒருத்தரும் இல்ல அங்க, நாங்க ரெண்டே பேரு, அப்பவும் சொல்ல மாட்டான். திடீர்னு பேரு கேட்டா எந்தப் பேரச் சொல்றது? உலைக்கிட்ட நின்ன மேனேஜருங்க ரெண்டே பேருதான். ஒருத்தன் நானு. மிச்சம் ஒரு பேருதானே இருக்குது?

நெசத்துல பொறுக்கச் சொன்னது யாரா?

நான்தானுங்க. யாரா இருந்தாலும் அப்பிடித்தான் சொல்லியிருப்பாங்க சார். அந்த விளக்கு சும்மா சும்மா எரியற விளக்கு.

துணைக்கு அவன எடுத்திருக்கலாம்தான். கை குடுத்த பேச்சு. ஆனா பொய்யன்னு குறிச்சு வெச்ச ஆள எப்பிடி உள்ள கொண்டாரது? ஏன், எதுக்குன்னு நோண்டுவாங்க. சேலத்துக்காரர் ஒருத்தரப் போட்டாச்சு. அவரு மோசமில்ல. ஆனா அவருகிட்டச் சிரிக்க முடியாது.

போன தை மாசம் மகன் கல்யாணம். மூர்த்தி வீட்டுக்கு நானே பத்திரிகை கொண்டு போனேன். அவன் இல்ல, ஏதோ சின்னப் பட்டறையில ஷிப்ட் சூப்பர்வைசரா இருக்கான்னு பூங்கொடி சொல்லுச்சு. காரையும் வித்துட்டாங்க. கல்யாணத்துக்குப் பூங்கொடி மட்டும் வந்துச்சு. மேடையேறி பொண்ணு மாப்பிள்ளைய வாழ்த்திட்டு, நேரா வாசலுக்குப் போயிருச்சு. கோகிலா பின்னாலயே ஓடி, “ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க பூங்கொடி”ன்னு கையப் புடிச்சுக் கேட்டா. “வயிறு சரியில்லைங்க”ன்னு சொல்லிட்டுப் போயிருச்சு. எங்க பக்கம் ஒரு கல்யாணத்துல கை நனைக்காமப் போனா என்ன அர்த்தம்னு உங்களுக்குத் தெரியாது சார். அன்னிக்கு ஆயிரம் பேரு சாப்பிட்டாங்க. என்ற கண்ணு அந்த ஒத்த எலையத்தான் தேடுச்சு.

கோகிலா அன்னைக்குக் கேட்டா, “அவங்களுக்கு நாம என்னங்க பண்ணினோம்?” பொறாமையா இருக்கும்னு சொல்லி வெச்சேன்.

இப்பவும் குளத்துக்குப் போறனுங்க. தனியாத்தான். கம்பெனி குடுத்த பெரிய காரு, அதே எடத்துல நிறுத்துவேன். முன்சீட்டுல உக்காந்து ரோட்டப் பாப்பேன். பின்னால இருந்து ஒருத்தன் ஏதாச்சும் கேக்க மாட்டானான்னு இருக்கும். எனக்கு அவன் இல்லாம ஒண்ணுமே பிடிக்கலீங்க. நல்லது நடந்தாலும் சொல்றதுக்கு ஆளில்ல. நெஞ்சு காலியாக் கெடக்குது. அவனுக்கு என்னைய விட்டா நூறு பேரு இருப்பாங்க, எனக்கு அவன் ஒருத்தன்.

சரி, ஆறாவது கேள்வி. “உலைச் சம்பவத்தில் முடிவெடுத்தவர் இவர்தானா? ஆம், இல்லை, தெரியாது.” மூணு கட்டம்.

வேற யாரையும் அவனால எழுத முடியாதுங்க. பழைய முதலாளி போய்ச் சேந்துட்டாரு. அந்தப் பதினோரு பேரும் பீகாரு ஒரிசான்னு திரும்பிப் போயிட்டாங்க. நான் ஒருத்தன்தான் மிச்சம். இத்தனைக்கும் அப்பறமும் என்னைய நம்பி எழுதியிருக்கான் பாருங்க. அவன் அப்பிடிப்பட்ட ஆளு. எழுதறப்ப அவன் கை என்ன பாடுபட்டிருக்கும்.

இதுல என்ற கையெழுத்தும் கம்பெனி சீலும் வேணுங்களா? ரெண்டுமா?

நகல் ஒண்ணு எங்க எச்.ஆருக்கும் வருங்களா? கட்டாயமா?

ம்.

அந்த அம்மாதானுங்க இப்ப எச்.ஆர். தலைமை.

பேனாவக் குடுங்க சார்.

“தெரியாது.” போட்டாச்சு. ஏன் அப்பிடிப் பாக்கறீங்க? “இல்லை”ன்னு போட்டாத்தானே பொய்யி? நான் அவனுக்கு எதிரா ஒரு நாளும் போட மாட்டேன். வேற யாராச்சும் என்ற எடத்துல இருந்தா “இல்லை”ன்னே போட்டிருப்பாங்க. எனக்கு ரெண்டு வருசம்தான் சார் இன்னும் இருக்குது, ரிட்டயர்டு ஆயிட்டா நானே ராணிப்பேட்டைக்கு வந்து எத்தன பேருகிட்ட வேணாலும் சொல்றேன்.

அதுக்குள்ள எந்திரிச்சுட்டீங்க. டீயைத் தொடவே இல்லியே.

ஒரே நிமிசம் சார். நீங்க அவன நேருல பாத்தீங்கல்ல? எப்பிடி இருக்கான்? எளைச்சுப் போயிட்டானா? அந்த நீலச் சட்டைதான் போட்டிருந்தானா? சிரிச்சுப் பேசறானா?

அடுத்த தடவ அவன்கிட்டப் பேசறப்ப, அர்த்து உன்னையப் பத்தி நல்லாத்தான் சொன்னான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க சார். பொய்யில்லைங்களே, மொத அஞ்சு கேள்விக்கும் நல்லாத்தானே சொல்லியிருக்கேன்? எடுத்துப் பாருங்க, அந்தத் தாளுல நீங்களே எழுதியிருக்கீங்க. தங்கம்னு.